தனியா மெசேஜ்ல சொன்ன ரகசியம் வெளிய போயிடுச்சு, குரூப்ல நம்பிக்கையை எப்படி திரும்ப கொண்டு வர்றது?

கொங்குத்தென்றல்:

வணக்கம் தோழிகளே, அண்ணன் தம்பிகளே. கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிச்சிட்டு பதில் போடுங்க.

குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கிற பொண்ணுங்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குரூப்ல நானும் ஒரு அட்மின். முக்கால்வாசி பேர் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் தான். ஸ்கேனுக்கு உக்காந்திருக்கிற பெஞ்சுல பேசிப் பழகி, நம்பர் வாங்கி, அப்படியே வளர்ந்த குரூப் இது. குரூப்ல பேசுறது பூரா பொதுவான விஷயம் தான், இந்த ஊசி எந்த மெடிக்கல்ல கிடைக்கும், ட்ரான்ஸ்ஃபர் (கருவை கர்ப்பப்பையில வைக்கிறது) முடிஞ்சு பஸ்ல போலாமா, ப்ரொஜெஸ்டிரோன் ஊசி போட்ட இடம் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு ஒத்தடம் குடுக்கலாமா, இப்படி. மனசுல இருக்கிறதை யாரும் குரூப்ல போட மாட்டாங்க, "சிஸ் தனியா வரவா"ன்னு கேட்டுட்டு இன்பாக்ஸுக்கு போயிடுவாங்க. நிஜமான பேச்சு அங்க தான். வீட்டுக்காரருக்கு கவுன்ட் (விந்தணு எண்ணிக்கை) இல்ல, எனக்கு ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டுற டெஸ்ட்) ரொம்ப கம்மி, மாமியார் ரெண்டாவது கல்யாணம் பேசுறாங்க, நகையை வச்சு தான் இந்த தடவை பணம் கட்டினோம், இதெல்லாம் பெத்த அம்மாகிட்ட கூட சொல்லாம முகம் தெரியாத ஒரு பொண்ணுகிட்ட ராத்திரி பதினோரு மணிக்கு சொல்லுவாங்க.

இப்ப என்ன ஆச்சுன்னா, ஒரு மெம்பர் டோனர் எக் (வேற ஒரு பொண்ணு தானமா குடுக்கிற முட்டை) வச்சு பண்ணப் போறதை இன்னொரு மெம்பர்கிட்ட தனியா சொல்லியிருக்காங்க. வீட்டுல அவங்களுக்கும் அவங்க ஹஸ்பண்டுக்கும் மட்டும் தான் அது தெரியும். கொஞ்ச நாள்ல ஒரு சொந்தக்காரங்க வளைகாப்புல, வளையல் போட்டுட்டு இருக்கும்போது, நாத்தனார் முறை ஆகிற ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் "யாரோ முட்டையாமே, அப்ப குழந்தை யாரு ஜாடையில இருக்கும்"னு கேட்டுட்டாங்களாம். அந்தப் பொண்ணு குரூப்ல ஒரே ஒரு வரி போட்டாங்க, "யாரையும் நம்பாதீங்க"ன்னு. அன்னைக்கே எக்ஸிட் ஆயிட்டாங்க.

அதுல இருந்து குரூப்பே வாயை மூடிக்கிச்சு. குட் மார்னிங் மெசேஜ் தான் ஓடுது. யார் சொன்னாங்கன்னு ஒரு ஊகம் இருக்கு, ஆனா அவங்களும் ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்க தான், கேட்டா அழுறாங்க, நான் யாருக்கும் அனுப்பலங்கிறாங்க. அவங்களை தூக்கிடலாமா? இல்ல தனி மெசேஜே கூடாதுன்னு ரூல் போட்டுடலாமா? ஒருத்தங்க டெலிகிராம் சேஃப், அங்க மாறிடலாம்னு சொல்றாங்க. எனக்கு இந்தக் குரூப் செத்துப் போறதை பார்க்க முடியல. இது இல்லன்னா நெகட்டிவ் வந்த அன்னைக்கு பேச ஆளே இல்லாத பொண்ணுங்க நிறைய பேர் இருக்காங்க.

—

வைகைக்கரை:

தங்கச்சி, படிக்கவே கஷ்டமா இருக்கு. நான் குடியை விட்டவங்க குடும்பங்களுக்கான குழுக்கள்ல ரொம்ப வருஷமா இருக்கேன், அங்கயும் இதே பிரச்சனை தான், அதனால சொல்றேன்.

முதல்ல அவங்க அனுப்பலன்னு சொல்றது பொய்யா இருக்கணும்னு அவசியமே இல்ல. ரகசியம் வெளிய போற வழியை பார்த்தீங்கன்னா யாரும் மைக் பிடிச்சு சொல்றதில்ல. "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கேட்டவங்க சரின்னு தான் சொல்லியிருப்பாங்க, மனசார தான் சொல்லியிருப்பாங்க. ஆனா ஒவ்வொருத்தருக்கும் அந்த "யார்கிட்டயும்"ல சேராத ஒரு ஆள் இருக்கு. வீட்டுக்காரர், இல்ல அக்கா, இல்ல காலேஜ் ஃப்ரெண்டு. அவர்கிட்ட சொன்னது சொன்ன கணக்குலயே வராது. அந்த அக்காவுக்கும் ஒரு ஆள் இருக்கும். திருப்பூர்ல சொன்னது மூணு வாய் மாறினா போதும், அதே சாதி சனத்துக்குள்ள, அதே கல்யாண மண்டபத்துக்குள்ள வந்து நிக்கும், நம்ம ஊர்ல சொந்தம் அவ்வளவு பின்னிக் கிடக்கு. பேர் சொல்லாம "எங்க குரூப்ல ஒரு பொண்ணு, ஈரோடு பக்கம், வாத்தியார் வேலை, டோனர் எக்"னு சொன்னா போதாதா?

அதனால ரூல்னு ஒண்ணு போட்டா அந்த ஒரு ஆளைப் பத்தி போடுங்க. சொல்ல வர்றவங்க முதல்லயே கேட்கணும், "இதை உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லக் கூடாது, முடியுமா?" கேட்கிறவங்களுக்கு முடியாதுன்னா நேரா சொல்லிடணும், "சிஸ், நான் அவர்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன், என்னால முடியாது"ன்னு. இப்படி சொல்றவங்க மேல கோபப்படாதீங்க, குரூப்லயே ரொம்ப நம்பலாம்னா அந்த ஆளைத் தான் நம்பலாம். ரகசியத்தைக் கேட்டு முடிச்சப்புறம் ப்ராமிஸ் வாங்குறது பிரயோஜனம் இல்ல, கேட்கிறதுக்கு முன்னாடி பேசிக்கணும்.

குடியை விடுறவங்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, இன்னைக்கு நம்ம ஊர் சர்ச் ஹால், ஸ்கூல் ரூம் வரைக்கும் கூட்டம் நடக்குது. அங்க முழுப் பேர் கேட்க மாட்டாங்க, என்ன வேலைன்னு கேட்க மாட்டாங்க. இங்க யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம், அது இங்கயே இருக்கட்டும்ங்கிறதை திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. ஒரு தடவை ரூல் எழுதி பின் பண்ணி வச்சிட்டு மறந்துடுறது இல்ல. புதுசா ஒருத்தர் வந்தா அவர் காதுல விழுற மாதிரி, பழைய ஆளுக்கும் ஞாபகம் வர்ற மாதிரி சொல்றது. உங்க குரூப்லயும் புது ஆள் சேரும்போதெல்லாம் ஒரு பழைய மெம்பர் தன் சொந்த வார்த்தையில எழுதட்டும், அட்மின் ஃபார்வர்ட் பண்ற மெசேஜ் வேண்டாம், அதை யாரும் படிக்கிறதில்ல.

தூக்குறதைப் பத்தி: ஊகத்தை வச்சு தூக்காதீங்க. உங்க ஊகம் தப்புன்னா ரெண்டாவதா ஒரு பொண்ணை பலி குடுத்த மாதிரி ஆயிடும்.

—

நெட்வொர்க்_தம்பி:

அக்கா, டெலிகிராம் மேட்டர் மட்டும் நான் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் தப்பா புரிஞ்சிட்டு இருக்காங்க.

வாட்ஸ்அப்ல 2016ல இருந்தே எல்லா சாட்டும் ரெண்டு முனையிலயும் பூட்டின மாதிரி தான் போகுது, நடுவுல கம்பெனியே நினைச்சாலும் படிக்க முடியாது. டெலிகிராம்ல சாதாரண சாட் அப்படி கிடையாது, அது அவங்க சர்வர்ல கிடக்கும், "சீக்ரெட் சாட்"னு தனியா ஆரம்பிச்சா மட்டும் தான் அந்தப் பூட்டு, அது குரூப்புக்கு வேலை செய்யாது. அதனால சேஃப்டிக்காக டெலிகிராம் போறோம்னா மெசேஜ் விஷயத்துல பின்னாடி தான் போறீங்க. ஆனா ஒரு விஷயத்துல அவங்க சொல்றது சரி, டெலிகிராம்ல நம்பரை மறைச்சிட்டு வெறும் யூசர்நேமோட இருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், நீங்க "ரோஜா"ன்னு பேர் வச்சிருந்தாலும் அந்த நம்பரை ட்ரூகாலர்ல போட்டா வீட்டுக்காரர் பேரோட வந்து நிக்கும். ரெண்டும் வேணும்னா சிக்னல் ஆப், அதுல பூட்டும் இருக்கு, 2024ல இருந்து நம்பரை மறைச்சு யூசர்நேம் மட்டும் குடுக்கவும் வசதி வந்துடுச்சு. எல்லாரும் புதுசா ஒரு ஆப் போடுவாங்களாங்கிறது உங்களுக்குத் தான் தெரியும்.

ஆனா அக்கா, எந்த ஆப்பா இருந்தாலும் பூட்டு வழியில தான், போய் சேர்ந்த போன்ல திறந்து தான் கிடக்கும். யாரும் அனுப்பாமலேயே எப்படி போகும்னு பாருங்க. போன் டைனிங் டேபிள்ல கிடக்கு, மெசேஜ் வருது, பூட்டின ஸ்க்ரீன் மேலயே முதல் ரெண்டு வரி தெரியுது, "சிஸ் டோனர் கிடைச்சிட்டாங்க..."னு, பக்கத்துல நாத்தனார் காய் நறுக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சது. நோட்டிஃபிகேஷன்ல மெசேஜ் தெரியாத மாதிரி மாத்தி வைக்கச் சொல்லுங்க, பத்து செகண்ட் வேலை. அடுத்து லிங்க்ட் டிவைசஸ், அதாவது உங்க வாட்ஸ்அப் வேற எந்த கம்ப்யூட்டர்ல திறந்து கிடக்குன்னு காட்டுற இடம். வீட்டு லேப்டாப்ல எப்பவோ ஒரு பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருப்பாங்க, அது இன்னும் ஓடிட்டே இருக்கும், தம்பி படிச்சிட்டு இருப்பான். இன்னொண்ணு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சா அது கேலரிக்கு போகும், பேக்கப் ஆன்ல இருந்தா அங்க இருந்து கூகுள் ஃபோட்டோஸ், குடும்பத்துல ஒரே அக்கவுண்ட் மூணு போன்ல இருந்தா மூணு போன்லயும் வரும். உங்க மெம்பர் "நான் அனுப்பல"ன்னு அழுறது நிஜமா கூட இருக்கலாம்.

டிஸப்பியரிங் மெசேஜ் போட்டு வைங்க, 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு இருக்கு, இன்பாக்ஸ் பேச்சுக்கு 24 மணி நேரம் நல்லது. ஆனா அது ஸ்க்ரீன்ஷாட்டை தடுக்காது, எடுத்தா உங்களுக்கு தெரியவும் வராது. 2025ல அட்வான்ஸ்ட் சாட் ப்ரைவசின்னு ஒண்ணு குடுத்தாங்க, சாட்டை மொத்தமா எக்ஸ்போர்ட் பண்ண விடாது, அதுவும் ஸ்க்ரீன்ஷாட்டை தடுக்காது. சாட் பேக்கப் கூகுள் ட்ரைவ்க்கு போறதுன்னா செட்டிங்ஸ்ல பேக்கப்புக்கும் தனியா பூட்டு போடணும், தானா போடாது.

கடைசியா ஒண்ணு, சந்தேகம் கேட்க ரிப்போர்ட்டை குரூப்ல போடும்போது பேரை பேனா டூல்ல அடிச்சிட்டு போடுவாங்க பாருங்க, ஹைலைட்டர் மாதிரி இருக்கிற பேனாவுல அடிச்சா அது கண்ணாடி மாதிரி தான், பிரைட்னஸ் ஏத்தினா கீழ இருக்கிற பேர் தெரியும். கட் பண்ணிடுங்க, அடிக்காதீங்க. ரிப்போர்ட்ல மேல இருக்கிற பார்கோடு, பேஷன்ட் ஐடி எல்லாத்தையும் சேர்த்து கட் பண்ணுங்க.

—

மல்லிப்பந்தல்:

நானும் இதே ட்ரீட்மென்ட்ல இருக்கிறவ தான், வேற குரூப். தனி மெசேஜே கூடாதுன்னு மட்டும் ரூல் போட்டுடாதீங்க சிஸ், கெஞ்சிக் கேட்கிறேன். இன்பாக்ஸ் இல்லன்னா நான் இன்னைக்கு இருக்கிற நிலைமையில இருந்திருக்க மாட்டேன். பீட்டா ரிசல்ட் (கர்ப்பமான்னு பார்க்கிற ரத்த டெஸ்ட்) வர்ற அன்னைக்கு எனக்காக போனை கையிலயே வச்சிட்டு காத்திருந்த ஒரு அக்கா இருக்காங்க, இன்னைக்கு வரைக்கும் அவங்க முகத்தை பார்த்ததில்ல. "வந்துடுச்சா"ன்னு கூட கேட்க மாட்டாங்க, "சாப்டியா"ன்னு மட்டும் கேட்பாங்க. நான் புரிஞ்சுக்குவேன்.

அந்த நம்பிக்கை எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். முதல் நாளே எல்லாத்தையும் கொட்டல. முதல்ல சின்ன விஷயம் சொன்னேன், எந்த ஹாஸ்பிடல்னு. அது எங்கயும் சுத்தி வரல. அப்புறம் அவங்க ஒண்ணு சொன்னாங்க. அப்புறம் நான். கொஞ்ச நாள் கழிச்சு குரூப்ல என்னைப் பத்தி பேச்சு வந்தப்ப, அவங்களுக்கு என் விஷயம் பூரா தெரியும், ஆனா ஒண்ணுமே தெரியாத மாதிரி எல்லாரோட சேர்ந்து "ஆல் த பெஸ்ட் சிஸ்"னு மட்டும் போட்டாங்க. அன்னைக்கு தான் எனக்கு தெரிஞ்சது இவங்ககிட்ட எதையும் சொல்லலாம்னு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கத் தெரியணும், அது எல்லாருக்கும் வராது.

எதிர்மாறா ஒருத்தங்க, வந்த ரெண்டாவது மெசேஜ்லயே "உங்க வீட்டுக்காரருக்கு என்ன பிரச்சனை"ன்னு கேட்டாங்க. அவங்களே இன்னொரு மெம்பர் பேரைச் சொல்லி "அவங்களுக்கு தெரியுமா, நாலு தடவை ஃபெயிலாம், யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னும் சொன்னாங்க. அடுத்தவங்க ரகசியத்தை உங்ககிட்ட கொண்டு வர்றவங்க உங்க ரகசியத்தையும் எங்கயோ கொண்டு போறாங்க. அப்பவே அந்த சாட்டை மூடிட்டேன்.

இன்னொரு ஆபத்து யாரும் சொல்லல. ஏஜெண்டுங்க. பொண்ணு பேர்ல, சாமி படம் டிபி வச்சிட்டு உள்ள வருவாங்க, குரூப்ல ஒண்ணும் பேச மாட்டாங்க, யாரு ஏஎம்ஹெச் கம்மின்னு எழுதுறாங்களோ அவங்க இன்பாக்ஸ்ல வந்து "சிஸ் எனக்கும் இதே பிரச்சனை, இங்க போனேன் சக்சஸ்"னு ஆரம்பிப்பாங்க. டோனர் ஏற்பாடு பண்றேன், கம்மி பணத்துல முடிச்சு தரேன்னு போகும் அது. ஒருவேளை உங்க குரூப்ல அந்த தோழி சொன்னது இப்படி ஒரு ஆள்கிட்டயா கூட இருக்கலாம். இன்வைட் லிங்க்கை கண்ட இடத்துல போடாதீங்க, அட்மின் அப்ரூவ் பண்ணா தான் உள்ள வர முடியும்னு செட்டிங்ஸ் இருக்கு அதை ஆன் பண்ணுங்க, புது ஆள் வந்தா போன் பண்ணி ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க. ட்ரீட்மென்ட்ல இருக்கிற பொண்ணு பேசுறதுக்கும் ஏஜெண்ட் பேசுறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு தெரியாதா என்ன.

—

கோர்ட்வாசல்:

சட்டம் பத்தி சுருக்கமா. ஹாஸ்பிடல்ல இருந்து போயிருந்தா கேள்வியே வேற, 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி தம்பதி விவரம், டோனர் விவரம் ரெண்டையும் கிளினிக் ரகசியமா வச்சே ஆகணும். ஆனா ஒரு மெம்பர் இன்னொரு மெம்பர் சொன்னதை வாயால வெளிய சொல்லிட்டாங்கன்னா அதுக்கு நேரடியா கைப்பிடிக்கிற சட்டம் கஷ்டம். 2017ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, உண்மை தான், ஆனா அது பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிரா நிக்கிற உரிமை. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டமும் ஒரு தனி மனுஷன் சொந்த, வீட்டு விஷயமா பண்றதுக்கு பொருந்தாதுன்னு அதுலயே இருக்கு. "கேஸ் போடுவோம்"னு குரூப்ல எழுதி யாரையும் பயமுறுத்தாதீங்க, பயந்தா பேச மாட்டாங்களே தவிர நம்ப மாட்டாங்க.

மிரட்டல் வந்தா மட்டும் சும்மா இருக்காதீங்க. "பணம் குடு, இல்லன்னா உன் மாமியாருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவேன்"னு யாராவது எழுதினா அது பணம் பறிக்கிற குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவுல (ஐபிசிக்கு பதிலா வந்த தண்டனைச் சட்டம்) தெளிவா இருக்கு. சாட்டை அழிச்சிடாதீங்க, அந்த நம்பரை பிளாக் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, மாவட்ட சைபர் கிரைம் போலீஸ்ல குடுங்க, பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க.

—

கொங்குத்தென்றல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. யாரையும் தூக்கப் போறதில்ல. வைகைக்கரை அண்ணா சொன்ன அந்த "ஒரு ஆள்" விஷயத்தை இன்னொரு அட்மின்கிட்ட சொன்னேன், அவங்க ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு, ஆமா என் வீட்டுக்காரருக்கு குரூப்ல எல்லார் கதையும் தெரியும்ன்னாங்க. தம்பி சொன்ன நோட்டிஃபிகேஷன், லிங்க்ட் டிவைசஸ் ரெண்டையும் படம் எடுத்து அம்புக்குறி போட்டு குரூப்ல போட்டாச்சு, நாலஞ்சு பேர் தெரியாத லேப்டாப் ஓடிட்டு இருந்ததா சொன்னாங்க.

இன்னும் ஒரு கேள்வி இருக்கு, இதை எங்கயும் கேட்க முடியாம உள்ளயே வச்சிட்டிருக்கேன். போன மாசம் ஒரு மெம்பர் நடு ராத்திரி எனக்கு தனியா எழுதினாங்க, ரெண்டாவது தடவையும் நிக்கல, இனி உயிரோட இருந்து என்ன பண்ண, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கான்னு. விடிய விடிய பேசிட்டே இருந்தேன், இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அடுத்த தடவை இப்படி வந்தா? அதையும் ரகசியமா தான் வச்சிக்கணுமா? வெளிய சொன்னா நானே நம்பிக்கையை உடைச்ச மாதிரி ஆயிடாதா?

—

வைகைக்கரை:

ஆகாது தங்கச்சி. அந்த ராத்திரி நீங்க கூட இருந்தீங்க, அதுவே பெரிய விஷயம். ஆனா தனியா சுமக்கக் கூடாது, உங்களுக்கு தூக்கம் வந்துட்டா என்ன ஆகும்? உயிருக்கு ஆபத்துன்னா அதை யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும், இது ரகசியத்துல சேராது. ஆனா திடீர்னு முதுகுக்குப் பின்னாடி பண்ணாதீங்க, இப்பவே, எல்லாரும் நல்லா இருக்கும்போதே குரூப்ல எழுதிடுங்க: நீங்க சொல்ற எதையும் வெளிய சொல்ல மாட்டேன், உங்க உயிருக்கு ஆபத்துன்னு எனக்கு தோணினா மட்டும் உங்க கூட இருக்கிற ஒருத்தரை கூப்பிடுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டு தான் கூப்பிடுவேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அது துரோகம் ஆகாது.

குரூப்ல சேரும்போதே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு வைங்க, அவசரம்னா யாரைக் கூப்பிடட்டும்னு. வீட்டுக்காரர் தான்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, சில பேருக்கு பிரச்சனையே அந்த வீட்டுல தான் இருக்கும், அண்ணன் பேரையோ பக்கத்து வீட்டு அக்கா பேரையோ குடுப்பாங்க. அந்த மாதிரி ராத்திரியில டெலி மானஸ் 14416க்கு கூப்பிடலாம், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நீங்களே கூப்பிட்டு "என்கிட்ட ஒருத்தங்க இப்படி எழுதியிருக்காங்க, நான் என்ன பேசட்டும்"னும் கேட்கலாம். என்ன ஆச்சுங்கிறதை மட்டும் சொன்னா போதும், டோனர், கவுன்ட், ரிப்போர்ட் எதுவும் அந்த போன்ல வர வேண்டியதில்ல.

—

மல்லிப்பந்தல்:

அண்ணா சொன்னது அப்படியே சரி.

சிஸ், வெளிய போன அந்த தோழிகிட்ட யாராவது பேசினீங்களா? இவ்வளவு பேர் குரூப்பைப் பத்தி பேசிட்டோம், அவங்களைப் பத்தி யாரும் கேட்கல. திரும்ப வாங்கன்னு கூப்பிடாதீங்க, யார் சொன்னாங்கன்னு கண்டுபிடிக்கிறேன்னும் சொல்லாதீங்க, அது அவங்களுக்கு இன்னொரு வளைகாப்பு மாதிரி தான் இருக்கும். குரூப்ல அவங்க பேரையோ அந்த சம்பவத்தையோ உதாரணமா கூட எழுதாதீங்க, புதுசா வந்தவங்களுக்கு விளக்கம் சொல்றேன்னு திரும்பவும் அதே ரகசியத்தை பரப்பிடுவோம். இங்க எழுதினதுல கூட ஊர் பேரையும் அந்த வளைகாப்பு விவரத்தையும் எடிட் பண்ணி எடுத்துடுங்க, அதைப் படிச்சா அவங்க சொந்தக்காரங்களுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ட்ரான்ஸ்ஃபர் தேதி எப்பன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்தா அன்னைக்கு காலையில நினைச்சிட்டேன்னு ஒரு வரி அனுப்புங்க, பதில் வராட்டியும் பரவாயில்ல.

—

கொங்குத்தென்றல்:

எடிட் ஆப்ஷன் நேரம் முடிஞ்சிடுச்சு சிஸ், அந்த ரெண்டு இடத்தையும் எடுக்கச் சொல்லி மாடரேட்டருக்கு இப்ப தான் எழுதிட்டு வர்றேன். அவங்க தேதி எனக்கு ஞாபகம் இருக்கு. அனுப்புறேன்.